கசகஸ்தான்: கடலில்லாத நாட்டின் வாணிகமும் நட்பும்

நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவிலே பிறந்து வளர்ந்த நமக்குக் கடலென்றாலே வழி என்னும் எண்ணம் இயல்பாக அமைந்துவிட்டது. ஊர்காவற்றுறையிலும் பருத்தித்துறையிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்க்கப்பல் ஏறிய நம் முன்னோர், அயல் நாட்டார் எவரிடமும் வழிவிடுமாறு இரந்து நிற்கவில்லை. கரையை விட்டு நீங்கிய மாத்திரத்தே உலகத்துத் துறைமுகங்கள் யாவும் அவர்களுக்குத் திறந்திருந்தன. ஆனால், இன்று உலகில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகள் கடற்கரை இல்லாதனவாய் உள்ளன. தம் நிலத்தில் விளைந்த ஒரு மூடை கோதுமையைத் தூர தேசத்துக்கு விற்பதற்கும் அவை அயலான் வீட்டு முற்றத்தைக் கடந்தே செல்லவேண்டும். அந்நாடுகளுள் பரப்பாற் பெரியது மத்திய ஆசியாவிலுள்ள கசகஸ்தான்.

வெளிநாட்டுறவு என்றவுடன் தூதுவர் வருகையும் விருந்துபசாரமும் கைகுலுக்கும் படங்களுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். கசகஸ்தான் போன்றதொரு நாட்டுக்கோ வெளியுறவு என்பது அன்றாடம் நடக்கும் பாதையாகும். உறவு கெட்டாற் பாதை அடைபடும். பாதை அடைபட்டால் வருவாய் நிற்கும். பெரிய வல்லரசுகளுக்கு இடையிலே வாழும் நாடொன்று ஒருவருக்கும் அடிமையாகாமலும் ஒருவரையும் பகைக்காமலும் தன் பொருளை விற்று வாழ்தல் கூடுமோ என்னும் வினா, அளவிற் சிறிய நமது நாட்டுக்கும் புறம்பானதன்று. ஆதலின் அந்நாட்டின் வெளியுறவும் வாணிகமும் எவ்வாறு ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு ஒருவாறு விளக்க முயல்கின்றோம்.

நிலமும் அயலும்

கசகஸ்தானின் பரப்பு ஏறத்தாழ 27 இலட்சம் சதுர கிலோ மீற்றர். உலக நாடுகளுள் பரப்பளவில் அஃது ஒன்பதாவது. நமது இலங்கையைப் போல நாற்பது மடங்குக்கும் மேற்பட்டது. எனினும் மக்கட்டொகை 2 கோடியளவே. 2023 ஆம் ஆண்டிலேதான் அத்தொகை இரண்டு கோடியைக் கடந்தது. வடக்கே ருஷ்யாவுடன் அந்நாட்டுக்குள்ள எல்லை 7,500 கிலோ மீற்றருக்கும் அதிகமானது; இரு நாடுகளுக்கிடையே இடையறாது செல்லும் தரையெல்லைகளுள் உலகில் இதுவே மிக நீண்டது. கிழக்கே சீனாவுடன் 1,700 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட எல்லை உண்டு. தெற்கே கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான், துருக்மெனிஸ்தான் என்பன அயலாயுள்ளன.

தேசப்படத்தைப் பார்க்கும் மாணவர் சிலர், மேற்கிலே நீல நிறத்திற் பெரிதாய்த் தோன்றும் கஸ்பியன் கடலைக் காட்டி, இந்நாட்டுக்கும் கடல் உண்டே என மயங்குவர். பெயரளவிற் கடலாயினும் கஸ்பியன் நாற்புறமும் நிலத்தால் மூடப்பட்ட பெரியதோர் ஏரியே. சமுத்திர மட்டத்துக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கீழே அது கிடக்கின்றது. அங்கிருந்து கப்பலொன்று வெளியேற வேண்டுமாயின் வொல்கா நதியில் ஏறி, 1952 இற் திறக்கப்பட்ட வொல்கா - தொன் கால்வாய் வழியாகவே கருங்கடலை நோக்கிச் செல்லவேண்டும். அவ்வழி முழுவதும் ருஷ்ய மண்ணிலுள்ளது. அன்றியும், அண்மைக் காலத்தில் கஸ்பியனின் நீர்மட்டம் தாழ்ந்து வருகின்றது. 2023 இல் அக்தாவு நகரத்தார் அதன்பொருட்டு அவசர நிலையை அறிவிக்க நேர்ந்தது. ஆகவே உள்ள கடலும் நம்பத்தகுந்த கடலாயில்லை.

நீரும் அயலாரிடமிருந்தே வருகின்றது. பால்காஷ் ஏரியை நிரப்பும் இலி நதியும், வடகிழக்கை வளம்படுத்தும் இர்திஷ் நதியும் சீனாவில் உற்பத்தியாகின்றன. தெற்கே பாயும் சிர் தரியா, அயலிலுள்ள மத்திய ஆசிய நாடுகளைக் கடந்து வருகின்றது. மேற்பக்கத்தார் எவ்வளவு நீரைத் தடுக்கின்றனர் என்பதைப் பொறுத்தே கீழ்ப்பக்கத்து வயலும் ஏரியும் வாழ்கின்றன.

சோவியத்து ஆட்சிக்காலத்து அமைப்புக்களும் இந்நிலைமையை இறுக்கின. புகையிரதப் பாதைகளும் எண்ணெய்க் குழாய்களும் மின்கம்பிகளும் பெரும்பாலும் வடக்கு நோக்கியே அமைக்கப்பட்டன. 1954 இல் தரிசு நிலங்களை உழுது கோதுமை விளைவிக்கும் பேரியக்கம் தொடங்கியபோதும் அவ்விளைவு மொஸ்கோவின் திட்டப்படியே பங்கிடப்பட்டது. சுதந்திரம் கிடைத்த நாளிலே அந்நாட்டினர் கையில் நிலமும் கனிவளமும் இருந்தன. அவற்றை விற்கச் செல்லும் வழிகள் அனைத்தும் முந்தைய எசமானின் வாயிலிலேயே சென்று முடிந்தன.

சுதந்திரமும் அணுவாயுதத் துறப்பும்

கசக்கு மக்கள் தொன்றுதொட்டு ஆடுமாடும் குதிரையும் மேய்த்து இடம்பெயர்ந்து வாழ்ந்தவர். 1930 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், மந்தைகளைப் பறித்துக் கூட்டுப்பண்ணைகளுக்குள் அவர்களைப் புகுத்திய கொள்கையின் விளைவாகப் பெரும்பஞ்சம் உண்டாயிற்று. ஏறத்தாழ 15 இலட்சம் பேர் மாண்டனர். பின்னர்ப் பிற குடியரசுகளிலிருந்து பெருந்தொகையானோர் குடியேற்றப்பட்டனர். 1989 இற் கசக்கு இனத்தவர் தம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பேராகவே இருந்தனர். ருஷ்ய இனத்தவர் அவர்களுக்குச் சற்றே குறைந்த தொகையினர். இன்று கசக்கு இனத்தவர் நூற்றுக்கு 70 பேரளவிலும், ருஷ்யர் 15 பேரளவிலும் உள்ளனர். வடக்கு எல்லையை ஒட்டி ருஷ்யர் செறிந்து வாழ்தலின், ருஷ்யாவுடனான உறவு வெளிநாட்டு விவகாரம் மாத்திரமன்று, உள்நாட்டு அமைதியைப் பற்றியதுமாகும். 1997 இல் அரசாங்கம் தெற்கேயுள்ள அல்மாட்டியிலிருந்து வடபாகத்து நகரமொன்றுக்குத் தலைநகரை மாற்றியதற்கு இதுவும் ஒரு காரணமெனக் கருதுவோர் பலர். அந்நகரமே இன்றைய அஸ்தானா.

சோவியத்துக் குடியரசுகளுள் இறுதியாகச் சுதந்திரப் பிரகடனம் செய்தது கசகஸ்தானே. அது 1991 டிசெம்பர் 16 ஆம் திகதி நிகழ்ந்தது. ஐந்து நாட்களின் பின் அல்மாட்டி நகரிலே பதினொரு குடியரசுகளின் தலைவர்கள் கூடிச் சுதந்திர நாடுகளின் பொதுநலவாயத்தை உறுதிப்படுத்தினர்.

அன்று அந்நாட்டின் மண்ணிலே 1,400 க்கு மேற்பட்ட அணுகுண்டு முனைகள் இருந்தன. அவை மட்டுமன்று, செமிப்பலாத்தின்ஸ்க் என்னுமிடத்திலே 1949 ஓகஸ்ட் 29 தொடக்கம் 1989 வரை 456 அணுவாயுதச் சோதனைகள் நடத்தப்பெற்றன. அப்பகுதிக் கிராமத்தவர் எச்சரிக்கை யாதும் அறியாமல் நோய்க்கு ஆளாயினர். 1989 இல் ஒல்ஜாஸ் சுலைமேனொவ் என்னும் கவிஞர் முன்னின்று நடத்திய மக்கள் இயக்கம் சோதனைகளை நிறுத்துமாறு குரல் எழுப்பியது. 1991 ஓகஸ்ட் 29 ஆம் திகதி அச்சோதனைக்களம் மூடப்பட்டது. அத்தினத்தையே அணுவாயுதச் சோதனைகளுக்கு எதிரான சர்வதேச தினமாக 2009 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்டது.

குண்டுகளை வைத்திருந்தால் உலகம் அஞ்சும் என்று கூறியவர் இல்லாமலில்லை. ஆயினும் கசகஸ்தான் அவற்றைத் துறக்கவே துணிந்தது. 1994 இல் அணுவாயுதப் பரவற்றடை உடன்படிக்கையிற் சேர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரிற் புடாபெஸ்ட் நகரிலே அமெரிக்கா, பிரித்தானியா, ருஷ்யா ஆகிய மூன்றும் அந்நாட்டின் எல்லைகளை மதிப்பதாகக் கையொப்பமிட்டன. 1995 ஏப்ரலில் எஞ்சிய முனைகளும் ருஷ்யாவுக்கு அனுப்பப்பட்டன. அதற்கு முன்னரே, ஏறத்தாழ 600 கிலோ கிராம் செறிவூட்டிய யுரேனியம் அமெரிக்காவுக்கு விமானமூலம் கொண்டு செல்லப்பட்டது. இத்துறவு அந்நாட்டுக்கு நற்பெயரைத் தந்தது. நற்பெயரைப் பின்தொடர்ந்து மூலதனமும் வந்தது. அமெரிக்கக் கம்பனியான செவ்ரொன் தெங்கிஸ் எண்ணெய் வயலில் முதலிடும் உடன்படிக்கை 1993 இல் நிறைவேறியது. அயலார் அஞ்சாத நாட்டிலேதான் தூரத்தார் பணத்தை முதலிடுவர் என்னும் உண்மை இதனாற் புலனாகும்.

பல்திசைக் கொள்கை

ஈண்டு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குதல் வேண்டும். 1976 இற் கொழும்பிலே மாநாடு கண்ட அணிசேரா இயக்கத்தின் கொள்கையை நாம் நன்கு அறிவோம். வல்லரசுக் கூட்டங்கள் இரண்டினின்றும் விலகி நிற்றல் அதன் அடிப்படை. கசகஸ்தானின் கொள்கையோ பல்திசைக் கொள்கை எனப்படும். எவரிடமிருந்தும் விலகாமல், எல்லோருடனும் ஒருங்கே உடன்படிக்கை செய்து, ஒருவர் இழுக்கும் கயிற்றை மற்றொருவர் கயிற்றாற் சமப்படுத்தல் அதன் நோக்கம். விலகி நிற்பதற்கு வேண்டிய கடல் அந்நாட்டுக்கு இல்லாமையே இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்பது எமது கருத்து.

ருஷ்யாவுடன் கூட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கை அமைப்பிலே கசகஸ்தான் உறுப்பு நாடு. பைக்கோனூர் விண்வெளித் தளத்தை ஆண்டுக்கு 11.5 கோடி டொலர் வாடகைக்கு 2050 வரை ருஷ்யாவுக்குக் கொடுத்துள்ளது. ருஷ்யா, பெலாரஸ் ஆகியவற்றுடன் 2010 இற் சுங்க ஒன்றியம் அமைத்தது. அதுவே விரிந்து 2015 ஜனவரி முதலாந் திகதி யூரேசியப் பொருளாதார ஒன்றியமாயிற்று. ஆர்மீனியாவும் கிர்கிஸ்தானும் பின்னர்ச் சேர்ந்தன. இவ்வொன்றியத்தால் உறுப்பு நாடுகளுக்கிடையே சுங்கச்சாவடிகள் நீங்கின. ஆனால், புறத்தேயிருந்து வரும் பொருள்களுக்குப் பெரிதும் ருஷ்யாவின் தீர்வை விகிதமே பொது விகிதமாயிற்று. அதன் பயனாக யப்பானிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் மலிவாக வந்த பழைய மோட்டார் வண்டிகளின் விலை ஏறியதைக் கசகஸ்தானின் நடுத்தரக் குடும்பத்தார் உடனே உணர்ந்தனர். ஒரு கதவு அகலத் திறக்கும்போது மற்றொரு கதவு சற்றே ஒடுங்கும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

அவ்வொடுக்கத்தை ஈடுசெய்யவே பிற திசைகளிலும் கசகஸ்தான் முயன்றது. பத்தொன்பது ஆண்டுப் பேச்சுவார்த்தையின் பின் 2015 நவம்பர் 30 ஆம் திகதி உலக வர்த்தக அமைப்பின் 162 ஆவது உறுப்பினராகியது. அவ்வாண்டு டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்துடன் விரிவான கூட்டுறவு உடன்படிக்கையிற் கையொப்பமிட்டது. அது 2020 மார்ச்சில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. சீனாவும் ருஷ்யாவும் இருக்கும் ஷங்காய் ஒத்துழைப்பு அமைப்பிலும் அது தொடக்க உறுப்பினர். மத்திய ஆசிய நாடுகள் ஐந்தும் அமெரிக்காவும் கூடும் அமைப்பு 2015 இலே தோன்றியது. 2017 இலும் 2018 இலும் மத்திய ஆசியாவிலிருந்து முதன்முதலாகப் பாதுகாப்புச் சபையில் இடம்பெற்ற நாடும் கசகஸ்தானே.

இவற்றோடு, ஆசிய நாடுகள் தமக்குள் நம்பிக்கையை வளர்ப்பதற்கு ஒரு மாநாடு வேண்டுமென 1992 இல் அந்நாட்டு ஜனாதிபதி நசர்பாயெவ் ஐக்கிய நாடுகள் சபையிற் கோரினார். அதன் முதலாவது உச்சிமாநாடு 2002 இல் அல்மாட்டியிற் கூடியது. இலங்கையும் 2018 இல் அதன் உறுப்பு நாடாயிற்று.

எண்ணெய் செல்லும் வழி

கொள்கை எத்திசையும் நோக்கலாம். எண்ணெயோ குழாய் செல்லுந் திசையிலேதான் செல்லும். கசகஸ்தானின் நிலை இவ்விடத்திலேதான் இக்கட்டாகின்றது. அந்நாடு அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 9 கோடி தொன் எண்ணெய் எடுக்கின்றது. அதிற் பெரும்பகுதி ஏற்றுமதிக்கே. தெங்கிஸ், கஷகான், கராச்சகனாக் என்னும் மூன்று பெரிய வயல்களும் மேற்குப் பகுதியில் உள்ளன. அங்கிருந்து ருஷ்யாவின் கருங்கடற்கரையிலுள்ள நோவோரோசிஸ்க் துறைவரை 1,500 கிலோ மீற்றர் நீளமான குழாய் ஒன்று 2001 இல் நிறைவேறியது. ருஷ்ய அரசும் கசகஸ்தான் அரசும் அமெரிக்க, ஐரோப்பியக் கம்பனிகளும் அதிற் பங்காளர். ஏற்றுமதி எண்ணெயில் ஐந்திலே நான்கு பங்களவு இக்குழாய் ஒன்றினூடாகவே செல்கின்றது. அங்கிருந்து கப்பலேறும் எண்ணெயை வாங்குவோருள் இத்தாலி முதன்மையானது.

ஒரு வீட்டின் வருவாயில் ஐந்திலே நான்கு பங்கு ஒரே படலையினால் வருமாயின், அப்படலையின் திறப்பை வைத்திருப்பவனது முகத்தை நாடோறும் பார்த்தே வாழவேண்டும். 2022 ஆம் ஆண்டு இதனை நன்கு காட்டிற்று. அவ்வாண்டு பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. மார்ச்சில், புயலினாற் பழுதுற்றதெனக் கூறப்பட்டுக் கப்பலில் எண்ணெய் ஏற்றும் மூன்று மிதவைகளுள் இரண்டு நிறுத்தப்பட்டன. ஜூலை 4 ஆம் திகதி ஜனாதிபதி தொகாயெவ், உலகச் சந்தையை நிலைப்படுத்தத் தம் நாட்டு எண்ணெயைத் தர ஆயத்தமென ஐரோப்பியத் தலைவரிடம் தெரிவித்தார். மறுநாள் நோவோரோசிஸ்க் நீதிமன்றமொன்று, சுற்றாடல் விதிகளை மீறியமைக்காகக் குழாயை 30 நாட்களுக்கு மூடுமாறு கட்டளையிட்டது. சில நாட்களில் மேல்நீதிமன்றம் அக்கட்டளையை நீக்கிச் சிறு தண்டப்பணத்தோடு விடயத்தை முடித்தது. இரண்டுக்கும் தொடர்புண்டா என்பதை வாசகர் தாமே ஊகித்துக்கொள்வர். குழாய் ஒரு நாளும் முற்றாக மூடப்படவில்லை; மூடக்கூடும் என்னும் அறிவே போதுமானதாயிற்று.

ஆபத்து ஒரு பக்கத்திலிருந்து மாத்திரம் வந்ததுமன்று. 2025 பெப்ரவரியில் அக்குழாயின் பம்பு நிலையமொன்று உக்ரேனின் ஆளில்லா விமானங்களாற் தாக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் துறையிலுள்ள மிதவையொன்றும் தாக்குண்டு பயனற்றதாயிற்று. போரிடும் இருவருள் எவரோடும் பகை கொள்ளாத மூன்றாம் நாட்டின் உணவுக்கலம் இவ்வாறு இடையிலே அகப்பட்டது.

ருஷ்ய எண்ணெயினின்று தன் எண்ணெயைப் பிரித்துக் காட்டவும் கசகஸ்தான் முயன்றது. பால்டிக் கடற்றுறை வழியாகச் செல்லும் எண்ணெய்க்கு 2022 இலே புதுப் பெயர் சூட்டப்பட்டது. 2023 தொடக்கம் துருஷ்பா எனப்படும் பழைய சோவியத்துக் குழாய் வழியாக ஜேர்மனியின் ஷ்வெட் நகரத்துச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் எண்ணெய் அனுப்பப்பட்டது. ஆனால் அக்குழாயும் ருஷ்யாவைக் கடந்தே செல்கின்றது.

கிழக்கு வாயிலும் நடுவழியும்

கிழக்கிலே சீனாவை நோக்கிய வாயில் அகன்று வருகின்றது. அத்தாசு என்னுமிடத்திலிருந்து சீன எல்லையிலுள்ள அலாஷங்கோ வரை 960 கிலோ மீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய்க் குழாய் 2005 டிசெம்பரில் நிறைவேறியது. துருக்மெனிஸ்தானிலிருந்து உஸ்பெகிஸ்தான், கசகஸ்தான் வழியாகச் சீனா செல்லும் இயற்கை வாயுக் குழாய் 2009 இலே தொடங்கியது. 2013 செப்டெம்பர் 7 ஆம் திகதி சீன ஜனாதிபதி சீ ஜின்பிங், பழைய பட்டுப் பாதையைப் புதிய பொருளாதாரப் பாதையாக்கும் திட்டத்தை முதன்முதல் அறிவித்த இடம் அஸ்தானாவிலுள்ள பல்கலைக்கழகமே.

எல்லையிலுள்ள கோர்கோஸ் என்னுமிடத்திலே, கடலே இல்லாத பாலைநிலத்திற் துறைமுகம் ஒன்று இயங்குகின்றது. 'உலர் துறைமுகம்' என்பர் அதனை. சோவியத்துக் காலத் தண்டவாளங்களின் இடைவெளி 1,520 மில்லி மீற்றர்; சீனத் தண்டவாளங்களின் இடைவெளி 1,435 மில்லி மீற்றர். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாடு நான்கு விரற்கடைக்குச் சற்றே கூடியதுதான்; ஆயினும் ஒரு நாட்டு வண்டி மற்றைய நாட்டிற் செல்ல அது விடாது. ஆகவே பெரிய பாரந்தூக்கிகள் கொள்கலன்களை ஒரு வண்டியினின்றும் தூக்கி மற்றொன்றில் வைக்கின்றன. அங்கிருந்து அவை ஐரோப்பாவை நோக்கிப் புறப்படும்.

2023 இற் கசகஸ்தானின் சொந்தக் கணக்கின்படியே சீனா, ருஷ்யாவை முந்தி அதன் முதன்மையான தனிநாட்டு வாணிகப் பங்காளியாயிற்று. அவ்வாண்டுச் சீன வாணிகம் 3,100 கோடி டொலரைக் கடந்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணித்தால் அவையே முதலிடம் பெறும். உலோகம், எண்ணெய், யுரேனியம், தானியம் முதலியன கிழக்கே செல்ல, இயந்திரங்களும் மோட்டார் வண்டிகளும் நுகர்பொருள்களும் மேற்கே வருகின்றன. இவ்வளர்ச்சியை எல்லோரும் மகிழ்ச்சியோடு நோக்கவில்லை. 2016 இல் விவசாய நிலத்தை வெளிநாட்டவருக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுக்கும் சட்டம் எழுந்தபோது, சீனரிடம் நிலம் போய்விடும் என அஞ்சிய மக்கள் நகரந்தோறும் திரண்டனர். அரசாங்கம் அச்சட்டத்தை நிறுத்திவைத்துப் பின்னர் வெளிநாட்டவருக்கு நிலம் குத்தகைக்குக் கொடுத்தலையே தடைசெய்தது. ஒருவன் வாயிலினின்று விடுபட்டு மற்றொருவன் வாயிலிற் கட்டுண்ணல் விடுதலையாகாது என்பதைப் பொதுமக்கள் உணர்ந்திருந்தனர்.

இவ்விரு வாயில்களுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. அதனை நடுவழி என அழைக்கின்றனர். அக்தாவு துறையிலிருந்து கஸ்பியனைக் கப்பலாற் கடந்து அசர்பைஜானின் பாக்கு நகரை அடைந்து, ஜோர்ஜியா வழியாகக் கருங்கடலுக்கோ துருக்கிக்கோ செல்லும் வழி அது. 2022 இல் 15 இலட்சம் தொன்னளவாயிருந்த அவ்வழிச் சரக்கு, 2024 இல் 45 இலட்சம் தொன்னளவாக உயர்ந்தது. பாக்குவிலிருந்து துருக்கியின் மத்தியதரைக் கடற்கரைக்குச் செல்லும் குழாயிலும் ஓரளவு கசகஸ்தான் எண்ணெய் கலந்து செல்கின்றது. தெற்கே, துருக்மெனிஸ்தான் வழியாக ஈரானுக்குப் புகையிரதப் பாதை 2014 டிசெம்பரிற் திறக்கப்பட்டது.

வளர்ச்சி வேகமானதே. ஆனால் அளவை நோக்குதல் வேண்டும். நோவோரோசிஸ்க் குழாய் 2024 இற் கொண்டு சென்ற எண்ணெய் 6 கோடி தொன்னுக்கு மேல். நடுவழிச் சரக்கு அதனிற் பத்திலொன்றும் இல்லை. ஒரு முறை ஏற்றி, இறக்கி, கப்பலேற்றி, மீண்டும் இறக்கி ஏற்றும்போது ஒவ்வோர் இடத்திலும் செலவும் தாமதமும் சேர்கின்றன; கஸ்பியனின் நீர் குறையக் குறையக் கப்பலில் ஏற்றும் பாரத்தையும் குறைக்கவேண்டியுள்ளது. புதிய வழி ஒன்றைத் தேசப்படத்தில் வரைதல் எளிது. அதனாற் பொருளைக் கொண்டு செல்லல் நெடுங்காலத்து வேலை.

யுரேனியத்தின் கதையும் இத்தகையதே. உலகில் ஆண்டுதோறும் அகழப்படும் யுரேனியத்தில் நூற்றுக்கு 40 பங்களவு கசகஸ்தானுடையது. 2009 தொடக்கம் அந்நாடே முதலிடம் வகிக்கின்றது. குண்டைத் துறந்த நாடு அணுமின் நிலையங்களுக்கு எரிபொருள் தரும் நாடாயிற்று. தனக்கும் மின்சாரம் வேண்டுமென 2024 ஒக்டோபரிற் பொதுவாக்கெடுப்பு நடத்தி நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோரின் இசைவைப் பெற்றது. 2025 ஜூனில், முதலாவது நிலையத்தை அமைக்கும் தலைமைப் பொறுப்பு ருஷ்ய நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது; உடனேயே மற்றொரு நிலையத்தைச் சீனர் அமைப்பர் என்னும் அறிவித்தலும் வந்தது. பல்திசைக் கொள்கை தராசு பிடிக்கும் முறை இதனால் விளங்கும்.

சோதனைக் காலம்

2022 ஆம் ஆண்டு தொடங்கியதே அந்நாட்டுக்குப் பெருஞ் சோதனையாக அமைந்தது. ஜனவரி 2 ஆம் திகதி, எண்ணெய் வளம் மிக்க மேற்குப் பகுதியிலுள்ள சனவோசென் நகரிலே, வாகனங்களுக்குரிய திரவ வாயுவின் விலையேற்றத்தை எதிர்த்து மக்கள் வீதியில் இறங்கினர். அதே நகரில் 2011 டிசெம்பர் 16 ஆம் திகதி, சுதந்திரத்தின் இருபதாவது ஆண்டு நிறைவு நாளன்று, வேலைநிறுத்தஞ் செய்த எண்ணெய்த் தொழிலாளர் பக்கத்திற் பதினைவருக்குக் குறையாதோர் சுடப்பட்டு இறந்தமை எவர் மனத்தினின்றும் நீங்கியிருக்கவில்லை. சில நாட்களிற் கிளர்ச்சி நாடெங்கும் பரவியது. அல்மாட்டி நகர மண்டபம் தீக்கிரையாயிற்று. இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜனாதிபதி கூட்டுப் பாதுகாப்பு அமைப்பின் உதவியை நாட, ருஷ்யர் பெரும்பான்மையாயுள்ள ஏறத்தாழ 2,500 படையினர் வந்து சேர்ந்தனர். இரு வாரங்களுள் அவர்கள் திரும்பிச் சென்றனர்.

உதவி பெற்றவர் கடன்பட்டவராவர் என உலகம் எதிர்பார்த்தது. ஆனால் அவ்வாண்டு ஜூன் 17 ஆம் திகதி சென் பீற்றர்ஸ்பேர்க் நகர மேடையிலே, ருஷ்ய ஜனாதிபதி புட்டின் அருகிருக்க, உக்ரேனினின்றும் பிரிந்த தொனெற்ஸ்க், லுகான்ஸ்க் பகுதிகளைத் தனி அரசுகளாகத் தம் நாடு ஏற்காது எனத் தொகாயெவ் கூறினார். ஏற்பின், நீண்ட வட எல்லையைக் கொண்ட தம் நாட்டின் ஒருமைக்கே அது ஊறாகும் என்பதை அவர் அறிவார். அதே வேளையில் ருஷ்யா மீதான பொருளாதாரத் தடைகளில் அந்நாடு சேரவில்லை. அத்தடைகளைக் கடப்பதற்குத் தன் மண்ணைக் கருவியாக்கவும் இடங்கொடோம் எனக் கூறி, 2023 ஏப்ரல் தொடக்கம் எல்லைகளைக் கடக்கும் சரக்குகளைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறையைத் தொடங்கியது. 2022 செப்டெம்பரில் ருஷ்யாவிற் படைக்கு ஆட்சேர்ப்பு அறிவிக்கப்பட்டபோது இரு வாரங்களுள் இரண்டு இலட்சம் ருஷ்யர் வரை எல்லையைக் கடந்து வந்தனர்; அவர்களுக்குப் படலை அடைக்கப்படவில்லை. உஸ்பெகிஸ்தானும் ஆப்கானிஸ்தானும் உண்ணும் கோதுமையும் மாவும் பெருமளவில் கசகஸ்தானிலிருந்தே செல்கின்றன. தானும் பிறருக்கு வாயிலாய் அமைந்திருத்தலை அந்நாடு மறந்துவிடவில்லை.

முடிவுரை

வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை வள்ளுவர் அடுத்தடுத்து வைத்தார். கசகஸ்தானின் வெளியுறவை நோக்கும்போது அவ்வைப்பு முறையின் பொருத்தம் நன்கு விளங்குகின்றது. அணுகுண்டைத் துறந்தது தன் வலியின் எல்லையை அறிந்தமையால். சோவியத்து வீழ்ந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தூரத்து மூலதனத்தையும் கிழக்குப் பாதையையும் தேடியது காலத்தை அறிந்தமையால். எவரையும் பகைக்காது எல்லோருடனும் உறவு பூண்டது தான் நிற்கும் இடத்தை அறிந்தமையால்.

ஆயினும் இதனை வெற்றிக் கதையாக மாத்திரம் எழுதுதல் உண்மைக்கு மாறாகும். கதவுகள் பல திறந்தும் எண்ணெயின் ஐந்தில் நான்கு பங்கு இன்னும் ஒரே கதவினாற் செல்கின்றது. வெளியே பல நண்பரைத் தேடிய அரசாங்கம், எண்ணெய் ஊறும் ஊரிலேயே எரிவாயு வாங்க இயலாதிருந்த தன் குடிமக்களின் குறையைக் காலத்திற் கேளாமையின் பயனை 2022 இற் கண்டது. அயலாருடன் தராசு பிடித்தல் எத்துணை அருமையோ, வீட்டினுள்ளும் அத்தராசு சாயாமற் பிடித்தல் அத்துணை அருமையாம். புறத்து நட்பு பொருளுக்கு வழி தரும். அப்பொருள் சனவோசென் போன்ற ஊர்களின் குடிசைவரை செல்லுமாயின் மாத்திரமே நாடு நிலைபெறும்.

நமக்கு இறைவன் கடலைத் தந்தான். கடலிருந்தும் கடன்பட்டும் அயலாரை நோக்கியும் வாழும் நிலை நமக்கும் நேர்ந்ததுண்டு. எனவே கடலில்லாத அந்நாட்டார் ஒவ்வொரு பாதையையும் எத்துணை முயன்று தேடினர் என்பதைக் கல்லூரியின் இன்றைய மாணவர் தேசப்படத்தை விரித்து வைத்துக் கற்பாராக. நோவோரோசிஸ்க் எங்குளது, அக்தாவு எங்குளது, கோர்கோஸ் எங்குளது என விரல் வைத்துக் காணும்போது, ஒரு நாட்டின் நட்பும் பகையும் பெரும்பாலும் அதன் பாதைகளையே பற்றி நிற்கின்றன என்பது அவர்களுக்குத் தானே புலப்படும்.